சருகோடு சருகாய்





விளக்கு வைக்கும் நேரத்தில் ஜன்னல் வழியே தடுமாறிக்கொண்டு உள்ளே வந்து, குழல்விளக்கைச் சுற்றி வட்டமிட்டு, அலமாரிக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும் பழுப்புப் பூச்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வாசகர்கள் நமக்கு அனுப்பும் படங்களில் அடிக்கடி தலைகாட்டுவதும் அதுதான். “இது என்ன அந்துப்பூச்சி?” என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அது அந்துப்பூச்சி அல்ல, வண்ணத்துப்பூச்சி. உட்கார்ந்ததும் சிறகுகளை முதுகுக்கு மேலே சேர்த்து நிறுத்திக்கொள்வதையும், உணர்கொம்புகளின் நுனி சற்றே தடித்திருப்பதையும் வைத்து அடையாளம் காணலாம். அறிவியல் பெயர் மெலனைடிஸ் லீடா. ஆங்கிலத்தில் காமன் ஈவினிங் பிரவுன். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட பூச்சி இது. ஆப்பிரிக்காவில் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை இதன் நடமாட்டம் உண்டு. அந்தி நேரத்தில் பறப்பதால் இங்கே அந்திப் பழுப்பன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதையும் இந்தப் பூச்சிக்கே கொடுக்கிறேன். வண்ணத்துப்பூச்சி என்றதும் நம் மனம் நீலத்தையும் மஞ்சளையும் தேடிப் போகிறது. நாட்காட்டிகளிலும் பாடப்புத்தகங்களிலும் அவைதான் இடம்பிடிக்கின்றன. பழுப்புக்கு அங்கே இடமில்லை. ஆனால் இந்தப் பழுப்பைப் படிக்கப் படிக்க, நம் கண்முன் இத்தனை பெரிய விஷயம் இத்தனை காலம் பறந்துகொண்டிருந்ததே என்ற வியப்பு எனக்கு அடங்கவில்லை. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

முதலில், பகலில் இது எங்கே இருக்கிறது? மாமரத்தடியில், மூங்கில் புதரின் கீழ், வாழைத்தோப்பின் நிழலில், காய்ந்த இலைகள் குவிந்து கிடக்கும் இடமெல்லாம் இதன் வீடு. நீங்கள் நடந்து போகும்போது ஏறக்குறைய உங்கள் கால் படும் தூரம் வரும்வரை அசையாது. பிறகு சட்டென்று எழும்பி, நேராகப் பறக்காமல் வெட்டி வெட்டிப் பறந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி சருகுக்குள் விழுந்துவிடும். விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்து வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அங்கே இலைகள்தான் கிடக்கும். பூச்சி அங்கேதான் இருக்கிறது. உட்கார்ந்தவுடன் முன்சிறகைப் பின்சிறகுக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்கிறது. தரையில் கிடக்கும் இலை செங்குத்தாக நிற்பதில்லை அல்லவா? இதுவும் நிற்பதில்லை. சாய்ந்து கிடப்பதால் அதன் நிழலும் சிறுத்துப் போகிறது.

கோடைக்கால அந்திப் பழுப்பனின் சிறகு அடிப்பக்கத்தை விவரிப்பது கடினம். ஒரு பூச்சி வைக்கோல் நிறத்தில் இருக்கும். அடுத்தது செங்கல் நிறம். இன்னொன்று ஏறக்குறையக் கருப்பு. சிலவற்றில் குறுக்கே ஒரு கோடு ஓடும், சிலவற்றில் அங்கங்கே கரும்புள்ளிகள் தெறித்திருக்கும், சிலவற்றில் சாம்பல் பூசியதுபோல் ஒரு மங்கல். முன்சிறகின் நுனி கொக்கியாக வளைந்து, பின்சிறகின் ஓரம் கோணல்மாணலாகி, உருவமே உலர்ந்து சுருங்கிய இலையாகிவிடுகிறது. ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பது அரிது.

இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு தவிட்டுக்குருவி சருகைப் புரட்டிக்கொண்டே வரும்போது ஒரு பூச்சியைக் கண்டுபிடித்துத் தின்றுவிடுகிறது என்று வையுங்கள். அதன் மூளையில் அந்த உருவம் பதிந்துவிடும். அடுத்து அதே உருவத்தையே தேடும். பறவைகள் இப்படி ஒரு தேடல் உருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இரை தேடுகின்றன என்ற கருத்தை டச்சு ஆய்வாளர் லூக் டின்பெர்கனின் 1960இல் வெளியான கட்டுரை முன்வைத்தது. எல்லாப் பூச்சிகளும் ஒரே அச்சில் இருந்தால், ஒன்றைக் கண்டுபிடித்த பறவை மீதி அத்தனையையும் கண்டுபிடித்துவிடும். அந்திப் பழுப்பன்களில் ஒன்று மாட்டிக்கொண்டாலும் அதிலிருந்து பறவை கற்றுக்கொண்டது அடுத்த பூச்சியிடம் செல்லாது. சருகுக் குவியலிலும் ஓர் இலையைப் போல் மற்றோர் இலை இருப்பதில்லை. அந்தப் பன்மையையும் சேர்த்தே இந்தப் பூச்சிகள் பெற்றிருக்கின்றன.

மழை வந்ததும் கதை மாறுகிறது. மழைக்காலத்தில் பிறக்கும் அந்திப் பழுப்பனைப் பார்த்தால் வேறு இனம் என்றுதான் சொல்வீர்கள். சிறகின் ஓரம் வழவழப்பாக வளைந்திருக்கும். அடிப்பக்கம் முழுக்க மெல்லிய அலைக்கோடுகள். ஓரத்தை ஒட்டி வரிசையாகக் கண்புள்ளிகள்: நடுவில் வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றிக் கருப்பு, அதற்கு வெளியே மஞ்சள் வளையம். ஒளிந்துகொள்ளும் எண்ணமே இல்லாத சிறகு இது.

வேறு இனம் என்று நினைத்தவர்கள் சாமானியர்கள் அல்லர். ஐரோப்பியப் பூச்சியியலாளர்கள் அருங்காட்சியகப் பெட்டிகளில் இருந்த உலர்ந்த மாதிரிகளை வைத்துக்கொண்டு கோடைப் பூச்சிக்கு ஒரு பெயரும் மழைப் பூச்சிக்கு ஒரு பெயருமாகச் சூட்டிவிட்டார்கள். கல்கத்தாவில் இருந்த லயனல் டி நிசிவில் 1880களில் வேறு வழியில் போனார். இந்தப் பூச்சி சேர்ந்த சாட்டிரினே குழுவின் வண்ணத்துப்பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்த்து, ஒரு பருவத்தின் தாய்க்கு அடுத்த பருவத்தின் வேடத்தில் பிள்ளைகள் பிறப்பதை எடுத்துக்காட்டி எழுதினார். செத்த பூச்சிகளை அடுக்கி வைத்துத் தீராத கேள்வியை, உயிருள்ள புழுவுக்குப் புல் போட்டு வளர்த்தே தீர்க்க முடிந்தது. இயற்கையைப் பற்றி எழுதும் நாம் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை அது.

ஏன் இரண்டு வேடங்கள்? இதற்கான விடையைத் தேடியவர்கள் பெரும்பாலும் இதன் ஆப்பிரிக்க உறவினரை வைத்தே தேடினார்கள். பைசைக்ளஸ் அனினானா என்ற சிறிய பழுப்பு வண்ணத்துப்பூச்சி. மலாவி உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்வது. அதற்கும் மழைக்கு ஓர் உடுப்பு, வறட்சிக்கு ஓர் உடுப்பு. பால் பிரேக்ஃபீல்டும் அவருடைய மாணவர்களும் பல்லாண்டுகளாக அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். இன்று சிறகு வண்ணத்தைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்தச் சின்னப் பூச்சி கொடுத்தது.

அவர்கள் கண்டது இது. வறண்ட மாதங்களில் புல் காய்ந்துவிடும், முட்டையிட்டால் புழுவுக்கு உணவில்லை. ஆகவே பூச்சி இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டுச் சருகில் அசையாமல் காத்திருக்கிறது. காத்திருப்பவனுக்கு வேண்டியது மறைவு. பழுப்பான பின்னணியில் பளிச்சென்று ஒரு வளையம் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மழை பெய்து புல் முளைத்ததும் வாழ்க்கை வேகம் பிடிக்கிறது. துணை தேட வேண்டும், முட்டையிட இடம் தேட வேண்டும். பறந்துகொண்டே இருக்கும் பூச்சியால் எப்படியும் ஒளிய முடியாது. அப்போது தேவை வேறு: அடி விழுந்தால் உடம்பில் விழாமல் சிறகோரத்தில் விழ வேண்டும்.

கண்புள்ளிகள் செய்வது அதைத்தான். காத்லீன் புருடிக்கும் அவருடைய குழுவினரும் கும்பிடுபூச்சிகளை வைத்து நடத்திய சோதனை 2015இல் வெளிவந்தது. மழைக்கால உடுப்பிலுள்ள பைசைக்ளஸைக் கும்பிடுபூச்சி தாக்கும்போது அதன் பிடி பெரும்பாலும் சிறகோரத்துக் கண்புள்ளிகளின் மேல் விழுகிறது. சிறகின் நுனி கிழிகிறது, பூச்சி தப்பித்துப் போய்விடுகிறது. வறட்சி உடுப்பில் இருந்தவை அதே கும்பிடுபூச்சியிடம் விரைவில் மடிந்தன. அடுத்த முறை தோட்டத்தில் பின்சிறகின் ஓரம் பிய்ந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தால் அனுதாபத்தோடு சேர்த்துக் கொஞ்சம் மரியாதையும் கொடுங்கள். அது ஓர் ஓணானிடமிருந்தோ கரிச்சானிடமிருந்தோ தப்பி வந்ததாக இருக்கலாம்.

எந்த உடுப்பை அணிவது என்பதைப் பூச்சி எப்போது முடிவு செய்கிறது? இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். முடிவாவது சிறகே இல்லாத காலத்தில். வளர்ந்த புழு, கூட்டுப்புழுவாக மாறப்போகும் கடைசி நாட்களில் உணரும் வெப்பநிலைதான் பைசைக்ளஸில் முதன்மையான சைகை. ஆய்வுக்கூடத்தில் ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து, ஒரு பாதியை 27 டிகிரியில் வளர்த்தால் பெரிய கண்புள்ளிகளோடு பிறக்கின்றன. இன்னொரு பாதியை 17 டிகிரியில் வளர்த்தால் புள்ளிகள் ஏறக்குறைய மறைந்துபோகின்றன. பைசைக்ளஸ் வாழும் ஊரில் மழைக்காலம் வெதுவெதுப்பானது, வறண்ட காலம் குளிர்ச்சியானது. அதனால் வெப்பமே பஞ்சாங்கமாகிறது. தோலுரிப்பை நடத்தும் எக்டைசோன் என்ற ஹார்மோன் இந்தச் செய்தியைச் சிறகின் செல்களுக்குக் கொண்டுபோகிறது. அந்திப் பழுப்பனின் சிறகமைப்பும் வளர்ச்சிக்கால வெப்பநிலைக்கு ஏற்ப மாறுவதை பிரேக்ஃபீல்டே 1987இல் எழுதினார்.

புல்லில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு பச்சைப் புழு, தான் ஒருநாள் பறக்கப்போகும் காட்டின் நிறத்தை, அந்தக் காடு அந்த நிறத்துக்கு மாறும் முன்பே தெரிந்துகொள்கிறது. தெரிந்துகொள்கிறது என்ற சொல்லை அறிவியலார் ஏற்கமாட்டார்கள். புழுவுக்கு ஏதும் தெரியாது, அதன் உடம்பு ஒரு சைகைக்கு எதிர்வினை செய்கிறது என்பார்கள். அது சரிதான். ஆனாலும் எத்தனை தலைமுறைகளின் சாவு அந்த எதிர்வினைக்குள் சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பருவத்தைத் தவறாகக் கணித்த ஒவ்வொரு பூச்சியும் ஒரு பறவையின் வயிற்றில் முடிந்திருக்கிறது.

சிறகின் மேல் இந்த ஓவியம் எழுவதைப் பற்றியும் சில வரிகள். வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள் உண்மையில் செதில்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நீளம். நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வரிசையாக நிற்கின்றன. ஒரு செதில் ஒரே ஒரு செல்லின் படைப்பு. பொதுவாக அதற்கு ஒரே நிறம். பழுப்பும் கருப்பும் பெரும்பாலும் மெலனின் தருவது; நம் முடிக்கும் தோலுக்கும் நிறம் தருவதும் மெலனின்தான். செம்பழுப்புக்கும் ஆரஞ்சுக்கும் ஓமோக்குரோம் என்ற வேறொரு வகை நிறமி. கூட்டுப்புழுவுக்குள் கடைசி சில நாட்களில்தான் இந்த நிறங்கள் ஒவ்வொன்றாக ஊறி வருகின்றன.

கண்புள்ளி எங்கே வரவேண்டும் என்பதை, அதன் நடுப்புள்ளியில் உள்ள சில செல்கள் சுற்றியுள்ளவற்றுக்குச் சொல்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் நைஹவுட் 1980இல் இதைக் கைவேலையாகவே செய்து காட்டினார். ஜூனோனியா கோனியா என்ற வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவில் அந்த நடுச் செல்களைச் சுட்டு அழித்தால் கண்புள்ளி வருவதில்லை. அவற்றை எடுத்துச் சிறகின் வேறோர் இடத்தில் ஒட்டினால் அங்கே ஒரு கண் திறக்கிறது.

சருகு வேடத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்திப் பழுப்பனை விட்டு மலையேற வேண்டும். காலிமா என்ற பேரினம். இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பானின் தென் தீவுகள் வரை இதன் வகைகள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது காலிமா ஹார்ஸ்ஃபீல்டி. இலங்கைக்கே உரியது காலிமா ஃபிலார்க்கஸ். நம் மலைகளில் குறிஞ்சி இனச் செடிகளின் இலைகள் இதன் புழுவுக்கு உணவு. சிறகை விரித்தால் கருநீலத்தின் குறுக்கே வெளிர்நீலப் பட்டை பளீரென்று தெரியும். மூடினால் இலை. இதைச் சொல்லும்போது மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள்: முன்சிறகின் நுனியிலிருந்து பின்சிறகின் வால்வரை நேராக ஒரு நடுநரம்பு ஓடுகிறது. அதிலிருந்து கிளைநரம்புகள் பிரிகின்றன. பின்சிறகின் வால் காம்பாகிறது. பூசணம் பிடித்த இடங்களும், புழு அரித்த ஓட்டைகளும்கூட வரைந்து வைத்திருக்கிறது. தலையையும் உணர்கொம்பையும் சிறகுகளுக்கிடையில் மறைத்துக்கொள்கிறது.

இதை உலகப் புகழாக்கியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். 1861ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சுமத்ராவில் இருந்தார். அங்கே காலிமா பாராலெக்டாவைப் பலமுறை துரத்தியும் பிடிக்க முடியவில்லை. பறந்து போய் ஒரு புதருக்குள் நுழையும். மெல்ல அருகே போனால் காய்ந்த இலைகள்தான் இருக்கும். திடீரென்று அந்த இலைகளுக்குள்ளிருந்து எழுந்து மறுபடியும் மறையும். கடைசியில் ஒருமுறை அது அமர்ந்த இடத்தையே பார்த்துவிட்டார். அப்போதும் கொஞ்ச நேரம் தொலைத்துவிட்டுப் பிறகுதான் கண்ணெதிரிலேயே அது இருப்பதை உணர்ந்தார். 1869இல் வந்த ‘மலாய் தீவுக்கூட்டம்’ நூலில் அந்த அனுபவத்தை எழுதி, பறக்கும் நிலையிலும் அமர்ந்த நிலையிலும் பூச்சியின் படத்தைச் சேர்த்தார். காட்டில் பூச்சி பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதரின் கண்ணையே ஏமாற்றிய பூச்சி என்பதுதான் அதற்கு மிகப்பெரிய சான்றிதழ். சட்டென்று மேற்பக்கத்தின் பளிச்சென்ற நிறத்தைக் காட்டிப் பறப்பதும் அந்த ஏமாற்றின் ஒரு பகுதி. துரத்துபவரின் கண் அந்த நிறத்தைத் தேடிக்கொண்டிருக்க, நிறம் மூடப்பட்டு இலை மட்டும் மிஞ்சுகிறது.

காலிமா ஒரு பெரிய வாதத்தின் நடுவிலும் மாட்டிக்கொண்டது. இயற்கைத் தேர்வு சிறிது சிறிதாக வேலை செய்கிறது என்றால், இலையைப் போல் கால்வாசி மட்டும் இருந்த பூச்சிக்கு என்ன பயன்? முழு இலையாக ஆகும்வரை எந்தப் பறவை ஏமாறும்? பயனுள்ள உறுப்புகளின் தொடக்க நிலைகளைப் பற்றிய இவ்வகைக் கேள்வியை ஜார்ஜ் மிவார்ட் 1871இல் டார்வினுக்கு எதிராக வலுவாக எழுப்பினார். நியாயமான கேள்வி, எளிதில் ஒதுக்கிவிட முடியாதது. 140 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2014இல் ஜப்பானின் தகாவோ சுசூக்கியும் உடன் ஆய்வாளர்களும் காலிமாவையும் அதன் உறவுப் பூச்சிகளையும் வரிசைப்படுத்தி, சிறகின் ஒவ்வொரு கோடும் எந்தக் கிளையில் எப்படி நகர்ந்தது என்று கணக்கிட்டார்கள். வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளின் பொதுவான அடிப்படை வரைபடத்தை ரஷ்யரான ஷ்வான்விச்சும் ஜெர்மானியரான சூஃபர்ட்டும் 1920களிலேயே வகுத்து வைத்திருந்தார்கள். காலிமாவின் நடுநரம்பாகத் தெரிவதும் கிளைநரம்பாகத் தெரிவதும் எல்லா உறவினரிடமும் இருக்கும் அதே பழைய கோடுகளே. அவை வளைந்தும் நேராகியும் ஒன்று சேர்ந்தும் படிப்படியாக இலையாகியிருக்கின்றன. இடையில் இருந்த நிலைகளும் வீண்போகவில்லை. மங்கிய வெளிச்சத்தில், தூரத்திலிருந்து பார்க்கும் பறவைக்குக் கால்வாசி இலையும் கொஞ்ச நேரம் இலைதான். அந்தக் கொஞ்ச நேரம் ஓர் உயிரைக் காப்பாற்றப் போதும்.

பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் இன்னொரு கதவைத் திறந்தார்கள். காலிமா இனாக்கஸ் என்ற வகையில் இலை வேடம் பலவிதம்: நரம்பு தெளிவானது, பூசணம் பிடித்தது, வெறுமையானது என்று. இந்த வேறுபாட்டை கார்டெக்ஸ் என்ற ஜீன் இருக்கும் பகுதி தீர்மானிக்கிறது என்றும், எந்த ஒரு விதமும் மற்றதை அழித்துவிடாமல் நீண்ட காலமாக எல்லாமே கூடவே காக்கப்பட்டு வருகின்றன என்றும் கண்டார்கள். அந்திப் பழுப்பனைப் பற்றி நான் மேலே சொன்ன பன்மைக்கு மலைக்காட்டிலும் ஒரு சாட்சி. இன்னும் வியப்பு என்னவென்றால், இங்கிலாந்தில் ஆலைப்புகை படிந்த மரங்களில் கருப்பாக மாறிப் புகழ்பெற்ற அந்துப்பூச்சியின் கருமைக்கும் மரபணுத்தொகுதியின் இதே பகுதிதான் காரணம் என்று 2016இலேயே தெரிந்திருந்தது. அந்தப் பகுதியில் உண்மையில் தூரிகை பிடிப்பது கார்டெக்ஸ் அல்ல, அதன் அருகிலுள்ள ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று சிங்கப்பூரில் அந்தோனியா மொன்டேரோவின் குழு 2024இல் அறிவித்தது. பழைய ஆராய்ச்சியைத் திருத்தும் புதிய ஆராய்ச்சி வந்துகொண்டே இருக்கிறது. இந்தத் துறை இன்று எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஊசி குத்தி, பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையையும் வைத்துக் காலிமாவை விற்கிறார்கள். வாங்கியவர் “பாருங்கள், இலை மாதிரியே இல்லையா?” என்று விருந்தினருக்குக் காட்டுவார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. சுவரில் மாட்டிய காலிமா எதையும் ஏமாற்றுவதில்லை. அந்தச் சிறகின் பாதி வேலையைச் செய்வது சுற்றியிருக்கும் காடு: தரையில் கிடக்கும் ஆயிரம் உண்மையான இலைகள், அவற்றின் மேல் விழும் திட்டுத்திட்டான வெயில், அசையாமல் இருக்கும் அந்தப் பொறுமை. இவற்றிலிருந்து பிரித்தெடுத்தால் மிஞ்சுவது ஒரு கைவினைப்பொருள். ஆகவே வாசகர்களே, தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள்.

இதையே நம் தெருவுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்திப் பழுப்பனின் சிறகைச் சருகு எழுதியது என்றால், சருகு இல்லாத தரையில் அந்தச் சிறகு என்ன செய்யும்? மாசியில் வேம்பும் புங்கமும் இலை கொட்டத் தொடங்கியதும் நம் ஊர்களில் விளக்குமாறும் தீப்பெட்டியும் ஒன்றாக வெளியே வருகின்றன. காலையில் கூட்டுகிறோம், குவிக்கிறோம், பற்றவைக்கிறோம். பூங்காக்களிலும் அலுவலக வளாகங்களிலும் கல்லூரிகளிலும்கூட மரத்தடி சிமென்ட் தரையைப்போல் சுத்தமாக இருப்பதையே பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். வெறும் மண்ணில் உட்காரும் அந்திப் பழுப்பனைக் கண்டுபிடிக்க மைனாவுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எரியும் குவியலில் பகலில் உறங்கிக்கொண்டிருக்கும் பூச்சிகளும் சேர்ந்தே எரிகின்றன. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்து புகையாகிப் பக்கத்து வீட்டு ஆஸ்துமா நோயாளியின் நெஞ்சுக்குள் போகிறது.

வாசல் கூட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வாசல் வாசலாக இருக்கட்டும். கொல்லையில் ஒரு மூலை, மதில் ஓரமாக ஒரு மரத்தடி, மாடியில் தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொட்டியின் மண்பரப்பு: இவற்றில் விழுந்த இலையை விழுந்த இடத்திலேயே விடுங்கள். கொஞ்சம் புல்லையும் வளரவிடுங்கள். அந்திப் பழுப்பனின் புழு புல்லும் நெல்லும் தின்று வளர்வது. தலையில் இரண்டு கொம்பு வைத்த பச்சைப் புழு. நெல் வயலில் அதைக் காண்கிற விவசாயிகள் கவலைப்படலாம். பொதுவாகப் பெருஞ்சேதம் செய்யும் பூச்சி அல்ல அது. மருந்து தெளிக்கும் முன்பு ஒருமுறை வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. இந்தப் பூச்சி பூவுக்கு வருவது அரிது. அதற்குப் பிடித்தது அழுகிய பழமும் மரத்தில் வடியும் சாறும். அதிகம் பழுத்துக் கறுத்த வாழைப்பழம் ஒன்றை மரத்தடியில் நிழலான இடத்தில் வையுங்கள். சூரியன் மறையும் நேரத்தில் சத்தமில்லாமல் போய்ப் பாருங்கள். முதல் நாளே வராமல் போகலாம், தொடர்ந்து வையுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பிடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செதில் உதிர்ந்தால் திரும்ப முளைப்பதில்லை.

உங்கள் தோட்டத்தில் மயில்கண் வண்ணத்துப்பூச்சி, அதாவது ஆங்கிலத்தில் பீகாக் பான்சி எனப்படும் ஜூனோனியா அல்மானா வந்தால் அதையும் கவனியுங்கள். ஆரஞ்சு நிறத்தில் பெரிய கண்களோடு வெயிலில் சிறகு விரித்து அமரும் பூச்சி அது. அதன் அடிப்பக்கம் மழைக்காலத்தில் கண்புள்ளிகளோடும், வறண்ட காலத்தில் கோணலான காய்ந்த இலையாகவும் மாறும். வருடம் முழுக்க ஒரே செடியருகே பார்க்கக் கிடைக்கும் இந்த மாற்றத்தைக் கவனித்து வைக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைபேசியும் தேதி எழுதிய ஒரு நோட்டும் போதும்.

அந்திப் பழுப்பனின் படத்தை ஐப்பசி மழையில் ஒன்றும் பங்குனி வெயிலில் ஒன்றுமாக, ஊரும் தேதியும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். சிறகின் அடிப்பக்கம் தெரியும்படி எடுங்கள். வந்த படங்களை ஊர்வாரியாக அடுக்கி, வரும் ஆண்டு ஓர் இதழில் வெளியிடுகிறோம். அதுவரை, இந்த வாரம் உங்கள் மரத்தடியில் விழும் இலைகளைக் கொளுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்